தனியாகச் சுட்ட கிழங்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் என் பட்டறையில் நடந்தது இது. ஒரு வண்டி வேலை முடிந்து வெளியே போகிற அன்று மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு போடுவது எங்கள் பழக்கம். முன்பெல்லாம் ஓட்டலில் பிரியாணி வாங்கிவிடுவோம். பிறகு, பழைய டீசல் டிரம் ஒன்றை நெடுக்காக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டு நானே ஒரு பார்பிக்யூ அடுப்பு செய்தேன். அன்றிலிருந்து வண்டி போகிற நாளில் கோழி சுடுவது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்களிடம் பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். லாரியின் முகப்பில் பூவும் மயிலும் எழுதினால் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்த மாதம் அவருடைய மனைவி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் ஆகியும் சரியாக நினைவு திரும்பவில்லை. அவள் வீட்டுக்கு வந்து தன் கையால் சோறு எடுத்துத் தின்கிறவரை கவுச்சி தொடுவதில்லை என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். முட்டைகூடக் கிடையாது. பகலில் மாமியார் ஆஸ்பத்திரியில் இருப்பார். இவர் வந்து சில மணி நேரம் வேலை செய்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

அன்றைக்கும் கடைசி எழுத்தை எழுதிவிட்டுக் கிளம்புவதாகத்தான் சொன்னார். நான் விடவில்லை.

“சாப்புடாமப் போகக்கூடாது தம்பி. உனக்குக் காய் மட்டும் தனியாச் சுட்டுத் தாரேன்.”

“வேண்டாங்ண்ணா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“என்ன சிரமம்? தனி வலை, தனி மசாலா. நானாச்சு.”

சொன்னபடியே செய்யத்தான் நினைத்தேன். காலையிலேயே உழவர் சந்தைக்குப் போய் குச்சிக்கிழங்கு வாங்கி வந்தேன். மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதை உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் வேக்காடு வேகவைத்து விரல் நீளத்துக்கு நறுக்கினேன். காளான், குடைமிளகாய், பிஞ்சு மக்காச்சோளம், கொல்லிமலை அன்னாசியில் கனமான நாலு வில்லை. மிளகாய், மல்லி, சீரகம், பூண்டு அரைத்து, எலுமிச்சை பிழிந்து, கடலெண்ணெய் விட்டுக் குழைத்த மசாலா தனிக் கிண்ணத்தில். டிரம்முக்கு நடுவே தகரம் வைத்துத் தடுத்தேன். இந்தப் பக்கம் கோழி, அந்தப் பக்கம் காய்.

ஆனால் வண்டி ஓனர் தன் சொந்தக்காரர்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எல்லோருக்கும் பசி. கோழி வேக நேரமாயிற்று. தடுப்புத் தகரத்தை எடுத்துவிட்டு வலை முழுவதும் கோழியைப் பரப்பினேன். காயைக் கேட்டவர்களுக்கும் கொஞ்சம் கொடுத்ததில் தனி மசாலாவும் தீர்ந்துபோனது. பெயிண்டர் எழுத்து வேலையை முடித்துக் கை கழுவி வரும்போது, அவருக்கென்று ஒதுக்கிய கிழங்கும் காளானும் இன்னும் சுடாமல் கிடந்தன.

வலையில் கோழிக் கொழுப்பு பொரிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவிப் போட பத்து நிமிடம் ஆகும். நான் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. அப்படியே அதன்மேல் கிழங்கை அடுக்கினேன். கோழிக்குத் தடவி மீந்த மசாலாவில் அதே பிரஷ்ஷைத் தோய்த்துத் தடவினேன். நெருப்பில் எல்லாம் எரிந்துபோய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

அவர் தட்டை வாங்கிக்கொண்டு, “தனியாத்தானுங்களே சுட்டீங்க?” என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்ட மாதிரி இல்லை. வேண்டுதல் இருக்கிறவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது போலத்தான் கேட்டார்.

“ஆமா தம்பி. தனியாத்தான். பயப்படாமச் சாப்புடு” என்றேன்.

பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு வாரமாக ஆஸ்பத்திரி வாசலில் ரசம் சோறு தின்ற மனிதர். இன்னும் நாலு துண்டு கேட்டு வாங்கினார்.

“அவளுக்குக் குச்சிக்கிழங்குன்னா உசுருங்ண்ணா. ஊட்டுக்கு வந்ததும் இப்படித்தான் சுட்டுக் குடுக்கோணும். எப்படிப் பண்ணீங்கன்னு சொல்லுங்க.”

நான் வேகவைத்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். கடைசியில் செய்ததை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மனைவிக்குக் காய்ச்சல் ஏறி, மறுபடியும் மூச்சுக்கு மெஷின் வைத்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. நானும் என் மனைவியும் சேலம் போனோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று சொன்னார்.

“நான்தானுங்ண்ணா தப்புப் பண்ணிப்போட்டேன். அவ இங்க மூக்குல குழாய் வெச்சுக் கஞ்சி ஊத்திக் கெடக்கறா. நான் அங்க ருசி கண்டு, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னேன். அது பொறுக்குமா சாமிக்கு?”

அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

“எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகறது? அந்தத் தம்பி உங்க தப்பையும் சேத்துத் தன் தலைல போட்டுட்டு உக்காந்திருக்குது. மேல போயி அவருகிட்டச் சொல்லுங்க.”

“இப்பவா? இந்த நெலமைலயா?”

“இப்பத்தான்.”

மூன்று மாடி. லிஃப்டில் போகாமல் படியேறினேன், கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று. மேலே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வலையைப் பற்றியும் பிரஷ்ஷைப் பற்றியும் சொன்னேன். பொய் சொன்னதையும் சொன்னேன்.

அவர் எழுந்து வராந்தாக் கோடியில் இருந்த குழாய்க்குப் போனார். வாய் கொப்பளித்தார். மறுபடி மறுபடி கொப்பளித்தார். ஞாயிற்றுக்கிழமை தின்றது வாயில் என்ன இருக்கப்போகிறது? ஆனாலும் கொப்பளித்தார். பின்னால் வரிசையில் நின்ற பெண் ஒருவர் குடத்தோடு ஒதுங்கி நின்றார்.

திரும்பி வந்து, “அப்ப நான் ருசிச்சுத் தின்னது தப்பில்லீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல தம்பி. உன்மேல ஒரு தப்பும் இல்ல.”

அதற்குப் பிறகுதான் அழுதார். தோள் குலுங்க அழுதார். அவர் தோளில் கை வைக்கப் போனேன். மெதுவாக விலகிக்கொண்டார். “நீங்க போங்கண்ணா” என்று மட்டும் சொன்னார்.

அவர் மனைவி பிழைத்துக்கொண்டார். காய்ச்சல் மருந்துக்கு அடங்கியது. தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கை இன்னும் சரியாக வரவில்லை. ஆனால் வலது கையால் தானே சோறு தின்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று நான் பட்டறையில் ஓரமாகப் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் செய்ததற்கும் அவர் உடம்பு மோசமானதற்கும் சம்பந்தம் இல்லை என்று என் அறிவுக்குத் தெரியும். அது எனக்கு ஆறுதலாக இருந்ததே இல்லை.

பெயிண்டர் தை மாதம் வேலைக்குத் திரும்பினார். இப்போதும் எங்களிடம்தான் இருக்கிறார். வேண்டுதல் முடிந்து கறி சாப்பிடுகிறார். என் மகள் கல்யாணத்துக்கு விடிய விடிய நின்று பெயர்ப்பலகை எழுதிக் கொடுத்தார். ஆனால் நான் சமைத்த எதையும் அவர் தொடுவதில்லை. வண்டி போகிற நாளில் தூக்குப்போசியில் வீட்டுச் சோறு கொண்டுவந்துவிடுவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

“இன்னும் கோவமா தம்பி?”

“கோவமெல்லாம் இல்லீங்ண்ணா. கை போக மாட்டேங்குது. அவ்வளவுதான்.”

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அன்று நான் மிச்சம் பிடித்த பத்து நிமிடத்தில், ஒரு மனிதரிடம், என் வார்த்தையை நம்பி எதையாவது வாயில் வைத்துக்கொள்ளச் சொல்லும் உரிமையை என்றைக்குமாக இழந்துவிட்டேன் என்பது, அவர் மரியாதையோடு தன் தூக்குப்போசியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உறைக்கிறது.