களிம்பு போன மலை

வெண்கலத்தில் பச்சை பிடித்தால் ஞானாம்பிகைக்குப் பொறுக்காது. யாழ்ப்பாணத்தை விட்டு மொன்றியலுக்கு வந்து எத்தனையோ பனிக்காலம் போய்விட்டது. ஆனாலும் வியாழக்கிழமை பின்னேரம் குத்துவிளக்கைப் பழப்புளி போட்டு மினுக்காமல் அவள் படுத்ததில்லை. தையல் பக்டரி, பேக்கரி, பிள்ளைக் காப்பகச் சமையல் என்று அவள் பார்க்காத வேலையும் இல்லை. அறுபதை நெருங்கியபோதுதான் நகரின் லாசால் பகுதியில் ஃபங் என்ற சீனக் கிழவருக்குச் சமைத்துக் கொடுத்துத் துணையிருக்கும் வேலை அமைந்தது. வேலைக்குப் போக மனம் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அப்போதுதான். அதை இழக்க அவள் தயாராக இல்லை.

காரணம் கிழவரின் பேச்சு. இருவரிடமும் அரைகுறை இங்கிலீஷ்; அது தாராளமாகப் போதும். சன்னலோரம் ஒரு வெண்கலத் தூபக்கால் வைத்திருந்தார். மலை வடிவில் மூடி, மலையிடுக்குகளில் ஓட்டைகள், அடியில் கடலலை. ஹான் அரசர் காலத்தது, இரண்டாயிரம் வருடப் பழசு என்று அவருடைய தகப்பன் சொன்னாராம். தாவோ வழியினர் நம்பிய மலை அது. கடல் நடுவே நிற்கிறது, அங்கே இருப்பவர்களுக்கு மூப்புமில்லை, சாவுமில்லை. உள்ளே வாசனைப்பொடியைக் கொளுத்தினால் புகை ஓட்டை வழியே வந்து மேகமாகச் சூழும். மலை மூச்சு விடுகிறது என்பார். களிம்பேறிக் கிடந்த அதைத் தட்டிக்கொடுத்து, இந்த வீட்டில் நாங்கள் இரண்டு கிழவர்கள் என்று சிரிப்பார். ஞானாம்பிகையும் சிரிப்பாள். கண் மட்டும் களிம்பிலேயே நிற்கும்.

சீனப் புத்தாண்டு நெருங்கிய ஒரு நாள் கிளினிக் வண்டி அவரை ஏற்றிப்போனது. பெருநாளுக்கு வீட்டைத் துப்புரவாக்கவேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். அவளுக்கு வேறென்ன வேண்டும்? புளியும் உப்பும் அப்பி ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். மலை புதுச் செம்பு போலப் பளபளத்தது. பெருமை தாங்காமல் படமெடுத்து, அந்தத் தூபக்காலைப் பற்றி முன்பே அவளிடம் கேட்டிருந்த மருமகள் பிரஷாந்தினிக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"மாமி, என்ன செய்து போட்டியள்? அந்தப் பச்சைதானே அதின்ர வயசு. இனி அது திரும்பி வராது."

"ஊத்தையா இருந்தது பிள்ளை. சாமிச் சாமானை அப்பிடி விடலாமே?" என்றாள் ஞானாம்பிகை. குரல் பாதியில் இறங்கிவிட்டது.

வேலை போனதுதான் என்று முடிவுகட்டி, கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் காத்திருந்தாள். கிழவர் வந்தார். தூபக்காலைப் பார்த்தார். அவள் மன்னிப்புக் கேட்டதற்குத் தலையை ஆட்டி, நாளைக்கும் வா என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் பொடியைக் கொளுத்தி மூடியை வைத்தார். புகை எப்போதும்போல எழுந்து மலையைச் சூழ்ந்தது. பளபளப்பில் தெரிந்த தன் முகத்தைக் குனிந்து கொஞ்சநேரம் பார்த்தார்.

"இனி இந்த வீட்டில் கிழவன் நான் ஒருவன்தான்," என்றார்.

அதில் கோபமே இல்லை. வேலை போயிருந்தால் இதைவிட லேசாக இருந்திருக்கும் என்று ஞானாம்பிகைக்குப் பட்டது.