படா பாபு கொண்டுவந்த ஆன்டிவைரஸ்

எங்கள் தீவு ஊரான ஹட் பேயில் பதினொரு கணினிகளுக்குள் ட்ரோஜனைக் கொண்டுபோய் வைத்தவன் நான். ஊர் சொன்னதுபோல் பரமேஸ்வரியின் கடை அல்ல. நான்!

இதைச் சொல்ல இத்தனை வருடமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்... பதில் வந்தபாடில்லை.

கடலுக்கடியில் கேபிள் வராத காலம் அது. எங்கள் தீவில் இன்டர்நெட் என்பது, இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு பொருள். ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கப் போட்டால் பாதி இறங்குவதற்குள் மழை வந்துவிடும். ஆகவே மெயின்லேண்ட் போகிறவன் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது இங்கே வழக்கம். நான் பல் பிடுங்கச் சென்னைக்குப் போனேன். மருந்து, ஊறுகாய், கண்ணாடி பிரேம் என்று ஆளுக்கொரு சீட்டு. எல்லாச் சீட்டிலும் கடைசி வரி மட்டும் ஒன்றுதான்: நல்ல ஆன்டிவைரஸ்.

ஏன் என்னிடம்? நான் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். இங்கத்துப் பேச்சில் 'படா பாபு'. புத்தகம் படிக்கிறவன், அவ்வப்போது நகைச்சுவை என்ற பெயரில் எதையாவது எழுதுகிறவன். அப்படிப்பட்டவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று ஊர் நம்பியது. அந்த மூடநம்பிக்கையை ஒழிக்க நான் ஒன்றும் பாடுபடவில்லை.

காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு பிரவுசிங் சென்டரில், 'ஆயுள் முழுவதும் இலவசம்' என்று ஒரு தளம் பல்லை இளித்ததும், அதை இறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். கூடவே ஒரு குறிப்பு: நிறுவுவதற்கு முன், கணினியில் ஏற்கெனவே உள்ள பாதுகாப்பை அணைத்துவிடவும்.

நினைத்துப் பாருங்கள்! புதுக் காவல்காரன் வேலைக்கு வருகிறான். பழைய காவல்காரனைக் கட்டிப் போட்டால்தான் உள்ளே வருவேன் என்கிறான். எனக்குச் சந்தேகம் வந்ததா? வரவில்லை... மரக்குதிரைக்குள் வீரர்கள் ஒளிந்துவந்த கதையை அலுவலகத்தில் மூன்று முறை ரசித்துச் சொன்னவன் நான்!

முதலில் என் கணினி. பிறகு வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் டீ. ஒவ்வொரு கணினியிலும் என் கையாலேயே பழைய காவலை அணைத்தேன். என் கையாலேயே 'சம்மதம்' அழுத்தினேன். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம் மின்னியது.

பதினோராவது, கப்பல்துறைக்குப் போகும் ஜெட்டி சாலையில் பரமேஸ்வரியின் டைப்பிங், ஜெராக்ஸ் கடை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து, பிறகு இங்கே குடியேறிய குடும்பம் அவளுடையது. கணவனுக்கு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை போன பிறகு அந்தக் கடையால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதித்தது.

இரண்டு வாரத்தில் ஆரம்பித்தது. கணினிகள் நொண்டின. கேட்காத விளம்பரங்கள் குதித்தன. ஹெட்மாஸ்டர் பிஸ்வாஸின் மின்னஞ்சலிலிருந்து அவருக்கே தெரியாமல் எடை குறைக்கும் மாத்திரைக்கு விளம்பரம் போனது. அவரை நேரில் பார்த்த யாரும் அந்த மாத்திரையை வாங்கியிருக்க மாட்டார்கள்.

என் கணினியை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும்படி, திறந்து பார்த்தேன். பட்டியலில் ஒரே ஒரு அந்நியன். பச்சைக் கேடயம்!

அப்போதே சொல்லியிருக்கலாமே...

"படா பாபு, யே ஆயா கஹான் சே?" என்றார் ஹெட்மாஸ்டர். இது எங்கிருந்து வந்தது என்று.

என் வாய் தானாகத் திறந்தது. "பென்டிரைவ் சே, சார். துகான் மே ஸப் கா லக்தா ஹை நா..." கடையில் எல்லாருடையதையும் செருகுகிறார்களே என்று.

பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடினேன். ஊரில் பென்டிரைவ் செருகுகிற கடை இருந்ததே ஒன்றுதான், ஐயா!

வைரஸ் தானாகப் பெருகிப் பரவும். ட்ரோஜன் அப்படியல்ல. நல்ல பிள்ளை வேஷத்தில் வாசலில் நிற்கும். யாராவது ஒருவர் தன் கையால் உள்ளே விட வேண்டும். இந்த வித்தியாசம் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் என் பொய் நின்றது.

பிறகு வைத்தியம். அதற்கும் நானே! நெட்டைத் துண்டித்தேன். சேஃப் மோடில் போய்க் கேடயத்தை நீக்கினேன். கணினி விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ள அது ஒளித்துவைத்திருந்த கோப்புகளையும் பிடுங்கினேன். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வரவழைத்த நிஜ ஆன்டிவைரஸால் இரண்டு தடவை முழுதாகச் சோதித்தேன். கடவுச்சொற்களையெல்லாம் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றவைத்தேன். மசியாத இரண்டை மொத்தமாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். மறுபடியும் டீ. இந்த முறை பிஸ்கட்டுடன்.

கடைசியாகப் பரமேஸ்வரியின் கடை. வாசலில் ஓர் ஆள் இல்லை. நான் சுத்தம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல அண்ணே. ஹெட்மாஸ்டர் சார் ஒரு நாளும் என் கடைக்குப் பென்டிரைவ் அனுப்பினதில்ல. இஸ்கூல்லயே பிரிண்டர் இருக்கு. அவரு வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றேன்.

சொல்ல முடியாதாம்!

"பரமு கம்ப்யூட்டர் சுத்தமா இருக்குன்னு பஜார்ல ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. படா பாபு சொன்னா ஸப் லோக் நம்புவாங்க."

"பார்க்கலாம்மா."

இருபத்தைந்து வருடமாக 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லாலேயே கோப்புகளைக் கொன்றவன் நான். அன்று ஒரு கடையையும்.

சொல்லத்தான் பஜாருக்குப் போனேன், நம்புங்கள்... டீக்கடையில் ஒருவர், "பரமு கடையில ஒரு ஜெராக்ஸ் எடுத்தா ஒரு வைரஸ் ஃப்ரீ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நகைச்சுவை எழுதுகிறவன் அல்லவா, என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தும் கொடுத்தேன். சிரிப்பு இரட்டிப்பானது. அது என்ன வரி என்று உங்களிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

நான்கு மாதத்தில் கடையை மூடினாள். கப்பல் ஏறும் முன் ஜெட்டியில் என்னைப் பார்த்து, "மத்தவங்கல்லாம் நின்னுட்டாங்க. நீங்க மட்டும்தாண்ணே கடைசி வரைக்கும் வந்தீங்க" என்றாள். வந்தேன்தான். தேவையில்லாத காகிதத்தையெல்லாம் நகல் எடுத்தேன். என் ஆதார் அட்டைக்கே நாற்பது பிரதிகள் வீட்டில் கிடக்கின்றன.

இப்போது போர்ட் பிளேரில் யாரோ ஒருவருடைய கடையில் டைப் அடிக்கிறாள். நேற்று வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தாள். இலவச ஆன்டிவைரஸ். 'அண்ணே, இத ஏத்தலாமா? நீங்க சரின்னா ஏத்துறேன்.'

'வேண்டாம்மா' என்று அடித்தேன். அதன் கீழே, 'பரமு, அன்றைக்கு உன் கடையில்' என்று அடித்தேன்... அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

'தேங்க்ஸ் அண்ணே. நீங்க இருக்கப் போயிதான் எனக்குத் தைரியம்.'