துறைமுக வாசலில் நின்ற பதினோரு மூட்டை

கல்மண்டபம் பேட்டையில் நானும் என் கணவரும் சலவைக்கடை வைத்திருந்தோம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் துணிதான் பிழைப்பு. சுதந்திரம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு காலையில், கப்பல்களுக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு சைக்கிளில் வந்தார். டச்சுக்காரர்களின் போர்க்கப்பல் ஒன்று வந்திருக்கிறதாம். கிழக்கே தீவுகளில் அவர்களுக்குச் சண்டை. அந்தச் சண்டையில் நம் துறைமுகம் யார் பக்கமும் இல்லை. அதனால் குடிதண்ணீரும் காய்கறியும் மட்டும் கொடுப்பார்கள். மாலுமிகள் கரையில் கால் வைக்கக் கூடாது. மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கப்பல் கிளம்பிவிட வேண்டும்.

“துணி மட்டும் எறக்கிக்கலாம்னு சொல்லிட்டாங்க. பதினோரு மூட்டை. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள வேணும்” என்றார்.

கனமான வெள்ளை டிரில் துணி. வெள்ளாவி வைத்து, அலசி, கஞ்சி போட்டு, காயவைத்துத் தேய்க்க மூன்று நாளாகும். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் தலையாட்டிவிட்டார்.

“இன்னாய்யா, மூணு நாள் வேலைய ஒரு நாள்ல எப்டி முடிப்ப?”

“வந்த வேலைய வுட சொல்றியாம்மே?”

மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு மீன்காரம்மா தன் கொட்டகையில் காயப்போடச் சொன்னாள். கருவாட்டு வாடையோடு எப்படிக் கொடுப்பது? வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டினோம். காயாததை இஸ்திரிப்பெட்டிச் சூட்டிலேயே காயவைத்தோம். என் வலது கையில் இரண்டு கொப்புளம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டியோடு துறைமுக வாசலில் நின்றோம். அங்கே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஒரு மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார்.

“பட்டாளத்து உடுப்பாம்மா?”

“ஆமா சார், கப்பல்காரங்களுது.”

“சண்டை போடற நாட்டுக்கு இங்கேர்ந்து பட்டாளத்து உடுப்பு கொடுக்கக் கூடாது. ரூல்.”

“நாங்க எங்க சார் குடுக்கறோம்? அவங்க துணிதான். நேத்து இதே கேட்டு வழியாத்தான் வந்துச்சு.”

“நேத்து வந்தது அழுக்குத் துணி. அதுக்கு ரூல் இல்ல. இன்னைக்குப் போறது உடுப்பு.”

என் கணவருக்குப் பொறுக்கவில்லை. “அப்போ அழுக்கு பண்ணி எடுத்தாந்தா வுடுவியா சார்?”

குமாஸ்தா சிரிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். “அத பெரிய ஆபீசரைத்தான் கேக்கணும். பத்து மணிக்கு வருவார்.”

ஒன்பதரைக்குக் கப்பல் சங்கு ஊதிக் கிளம்பிவிட்டது. மேல்தளத்தில் மாலுமிகள் பனியனும் அரை டிராயருமாக வரிசையில் நின்றார்கள். நாங்கள் வண்டியைத் திருப்பினோம்.

இருந்த ஒரே அறையை மூட்டைகள் அடைத்துக்கொண்டன. நாங்கள் சமையல்கட்டில் படுத்தோம். ஒவ்வொரு கழுத்துப்பட்டையிலும் சிவப்பு நூலில் ஓர் எண் தைத்திருந்தது. பூச்சி அரிக்கிறதா என்று அடிக்கடி பிரித்துப் பார்த்ததில், நாற்பத்திரண்டாம் எண்ணுக்குத் தொந்தி உண்டு, ஒன்பதாம் எண் சின்னப் பையன் என்றெல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது.

வாரம் தவறாமல் துறைமுக ஆபீசுக்கு நடந்தேன். ஒரு மேஜையில், வெளிநாட்டுச் சரக்கு, சுங்கம் கட்டு என்றார்கள். அடுத்த மேஜையில், பட்டாளத்து உடுப்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றார்கள். சரி, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் இரண்டு மேஜையும் கையை விரித்தன.

சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. அதே குமாஸ்தா அதே நாற்காலியில் இருந்தார்.

“அது வெள்ளைக்காரன் ரூலும்மா. புது ரூல் இன்னும் வரல.”

“ரூல் இல்லன்னா அனுப்பிடுங்களேன் சார்.”

“ரூல் இல்லாம எப்படிம்மா அனுப்பறது?”

அன்று அவர் மேஜைமேல் இருந்த மைக்கூட்டைத் தூக்கி அடிக்கலாமா என்று நினைத்தேன். அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கணவர்மேல் எரிந்து விழுந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ஏஜெண்டு காகிதத்தோடு வந்தார். கொழும்புக்குப் போகும் சரக்குக் கப்பலில் அனுப்பலாமாம்; அங்கிருந்து டச்சுக்காரர்களுக்குப் போய்விடுமாம். காகிதத்தில் ‘பழைய துணி’ என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தைக்கு ஆறு மாதம்! துணியெல்லாம் பழுப்பேறியிருந்தது. மறுபடி வெள்ளாவி வைத்தேன். இந்தத் தடவை குமாஸ்தா மூட்டையை அவிழ்க்கக்கூட இல்லை. கையை அசைத்து வண்டியை உள்ளே விட்டார்.

கொழும்பிலிருந்து அவை உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தனவா என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க இன்னோர் ஆபீசில் போய் நிற்க என்னிடம் பொறுமை மிச்சமில்லை.