சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவில்

உம்மைத்தான் சொல்கிறேன். பெயரைப் போட மாட்டேன். படித்தால் உமக்கே தெரியும். ஒரு டிரைவரின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, தினமும் காலையில் பட்டறை வாசலில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறீர்.

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். டீசல் லாரிகளில் ஆயில் பிரஷரும் சூடும் காட்டுகிற சென்சார்களைப் பூட்டுவது என் தொழில். தில்லி காஷ்மீரி கேட்டில் ஒரு சந்துக் கடை. பள்ளிக்கூடம் சரியாகப் போகாதவன் நான். அடிபட்டுக் கற்றேன், பேரம் பேசிப் பிழைத்தேன், கோபத்தால் பாதி வாடிக்கையை இழந்தேன். இந்தத் தொழிலில் சென்சாரைத் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயமில்லை. அதை இன்ஜினோடு சேர்த்துவைக்கிற கட்டைவிரல் அளவுப் பித்தளைத் துண்டு இருக்கிறதே, மானம் போவதும் மனுஷன் போவதும் அதில்தான். ஸ்பேனர் பிடித்துக் கை காய்த்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு சுற்று

வெளிநாட்டு சென்சார்கள் சந்தைக்கு வந்த புதிது. அவற்றின் மரை ஒரு கணக்கு, நம் லாரி இன்ஜினின் மரை வேறு கணக்கு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கையால் திருகினால் இரண்டு சுற்று ஒழுங்காக உள்ளே போகும், பிறகு நின்றுவிடும். மரை வேறு என்று அங்கே எவனுக்கும் தோன்றாது. இறுக்கம் போதவில்லை என்று நினைத்து நீள ஸ்பேனரைப் போடுவான்.

ஒரு பஞ்சாபி லாரிக்காரர் அப்படித்தான் இன்ஜின் மரையையே வழித்துவிட்டு வந்து நின்றார். "ஒரு பக்கம் இன்ஜின் மரை, மறுபக்கம் சென்சார் மரை உள்ள அடாப்டர் வேண்டும் என்று முதல் நாளே தொண்டை கிழியக் கத்தினேனே!" என்று மறுபடியும் கத்தினேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு இந்தியில் அமைதியாகச் சொன்னார்: "அரே மதராசி பாய், ரெண்டு சுத்து அதுவாவே போச்சு. பாக்கிக்கு நாங்க கொஞ்சம் உதவி பண்ணினோம், அவ்வளவுதான்."

நிம்மதியாகப் படுத்திருந்த முள்

ஜனக்புரியில் ஒரு தமிழர். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு லாரி வாங்கி விட்டிருந்தார். என்னிடம் சென்சாரை மட்டும் வாங்கிப்போனார். பூட்டியது அவருடைய மிஸ்திரி, அதாவது மெக்கானிக். சூடு காட்டும் சென்சாரின் முனை, தண்ணீர் ஓடுகிற பாதையில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். மிஸ்திரிக்கு அங்கே கை நுழையவில்லை. நிப்பிள் என்கிற குட்டைக் குழாய் ஒன்று, அதன்மேல் வளைந்த எல்போ ஒன்று, அதன்மேல் இன்னொரு நிப்பிள் என்று அடுக்கி, தனக்குச் சௌகரியமான இடத்துக்கு இழுத்துப் பூட்டிவிட்டார். அந்த மூலையில் தண்ணீர் ஓடவே இல்லை, தேங்கி நின்றது.

மே மாத வெயிலில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருக்க, டிரைவர் முன்னால் சூடு காட்டும் முள் மட்டும் பச்சைக் கோட்டில் நிம்மதியாகப் படுத்திருந்தது. அதை நம்பி டிரைவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். முழங்கை வரை வெந்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்த ஜனக்புரிக்காரர், மிஸ்திரியைத் திட்டி நான் போட்ட சத்தத்துக்கு நடுவே தாழ்ந்த குரலில் சொன்னார்: "முள்ளைப் பாத்தா சிம்லா, இன்ஜினைத் தொட்டா ராஜஸ்தான். நடுவுல வெந்தது அவன் கை, சார்."

மூன்று வாய்த் துண்டு

இனி உமது கதை.

நாமக்கல் பக்கத்து முதலாளி ஒருவர் தில்லி டிரான்ஸ்போர்ட் நகரில் ஆபீஸ் போட்டிருந்தார். அவருடைய லாரியின் டிரைவர் செல்வராஜ், சங்ககிரிக்காரர். ஆயில் பிரஷர் குறைந்தால் எரிகிற விளக்கு அதில் ஏற்கெனவே உண்டு. அதையும் வைத்துக்கொண்டு, பிரஷரைக் காட்டும் முள்ளும் வேண்டும் என்றார் முதலாளி. இன்ஜினில் துளை ஒன்றுதான். அதற்கு மூன்று வாயுள்ள பித்தளைத் துண்டு போட வேண்டும். தொழிலில் அதை டீ என்போம். கனமான சென்சாரோடு அதை இன்ஜினிலேயே தொங்கவிட்டால் நடுக்கத்தில் கழுத்து ஒடியும். ஆகவே இன்ஜினிலிருந்து ஹோஸ் குழாய் போட்டு, டீயை லாரியின் சேஸிஸ் சட்டத்தில் கிளாம்ப் வைத்துப் பிடித்தேன். அந்த டீ உமது பட்டறையில் நீர் செய்துகொடுத்தது. உருக்கி ஊற்றிய வார்ப்பு வேண்டாம், உள்ளே குமிழி நிற்கும், கட்டிப் பித்தளையில் கடைந்ததுதான் வேண்டும் என்று உம்மோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். "அச்சா அச்சா, இதுல லாரியையே தூக்கலாம் சார்" என்று கையில் வைத்தீர். தமிழர் என்று நம்பி வாங்கினேன்.

மழைக்காலம். குவாலியர் தாண்டிப் போகும்போது முள் சட்டென்று விழுந்தது. செல்வராஜ் உடனே ஓரம்கட்டி இன்ஜினை அணைத்தார். டீ பிளந்து, ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வற்றியிருந்தது. சிந்தியதை மழை கழுவிவிட்டது. எஸ்டிடி பூத்திலிருந்து முதலாளிக்குப் போனில் சொன்னார்.

நம் லாரி லைனில் ஒரு வழக்கம் உண்டே. ஆயில் குறைந்தால் எங்கே ஒழுகியது என்று தேட மாட்டார்கள், டிரைவர் எங்கே விற்றான் என்றுதான் தேடுவார்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். முள்ளைப் பார்த்து உடனே அணைத்ததால் பேரிங்கில் ஒரு கீறல் இல்லை. கும்பிட்டிருக்க வேண்டிய முதலாளி, செல்வராஜைப் பார்த்துச் சொன்னார்: "நெசமா ஒழுகியிருந்தா இன்ஜின் இறுகிப் பிடிச்சிருக்கோணுமில்ல? ஆயில வித்துப்போட்டு, டீயச் சுத்தியல்ல தட்டி ஒடச்சிருக்கற. சாவிய வெச்சுட்டுப் போ."

பிளந்த இடம்

அந்த டீயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பிளந்த இடம் முழுக்கப் பன் ரொட்டி மாதிரி குமிழி. சுத்தியல் உடைக்கும், உள்ளே குமிழி விடுமா? உமது பட்டறைக்கு வந்தேன். ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் என்ன சொன்னீர்? "அந்த லாட் முழுசுமே வார்ப்புதான் சார். ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துக்குங்க, டிரைவர் கதை நமக்கு எதுக்கு?" என்றீர். எனக்கு டீ வேண்டாம், முதலாளியிடம் இதையே வந்து சொல்லும் என்றேன். வியாபாரம் கெட்டுவிடும் என்று ஷட்டரை இழுத்தீர். அன்றைக்கு நான் போட்ட சத்தத்துக்கு எதிர்க்கடைக்காரர்கள் கூடினார்கள். நீர் வெளியே வரவில்லை.

பிளந்த துண்டோடு முதலாளியிடம் போனேன். கையில் வாங்கிப் பார்த்தார், குமிழியை நகத்தால் சுரண்டினார், திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்டவரில்லை; பலமுறை ஏமாந்தவர். "செஞ்சவரு எம்மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டுங்க, நம்பறேன். நீங்க பூட்டுனவரு. உங்க பேச்சும் அவன் பேச்சும் எனக்கு ஒண்ணுதானுங்களே."

ஸ்டியரிங் இல்லாத டிரைவர்

ஆயில் திருடன் என்ற பெயர் லாரியைவிட வேகமாக ஓடும். டிரான்ஸ்போர்ட் நகரில் ஒரு ஆபீஸும் செல்வராஜிடம் வண்டி கொடுக்கவில்லை. அதே நகரில் இப்போது மூட்டை ஏற்றுகிறார். ஊருக்குப் போகலாமே என்றால், இந்தப் பெயரோடு எப்படிப் போவது என்று கேட்கிறார்.

போன வாரம் பார்க்கப் போனேன். உம்மைத் திட்டினேன், முதலாளியைத் திட்டினேன், வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்: "அண்ணா, முள்ளப் பாக்காம ஓட்டியிருந்தா இன்ஜின் போயிருக்கும். ஆனா எம்பேரு நின்னிருக்குமுங்க."

கேட்டீரா? கவனமாக ஓட்டியதே அந்த மனுஷனுக்குக் குற்றமாகிவிட்டது. அந்தப் பழியைக் கழற்ற ஸ்பேனர் எதுவும் என் கடையில் இல்லை; உம் வாயில்தான் இருக்கிறது. முதலாளியின் ஆபீஸுக்கு உமது பட்டறை வாசலிலேயே பஸ் வரும். ஏறிப் போய், செல்வராஜையும் பக்கத்தில் நிறுத்தி, "வார்ப்பு என்னுடையது, இவர் திருடவில்லை" என்று சொல்லும்.

எதைக் கேட்டாலும் பாதிக்குப் பாதி குறைத்துக் கேட்டே பிழைத்தவன் நான், இந்த ஒன்றில் மட்டும் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன்: முழுதாக வந்து சொல்லும், ஐயா.