துவைக்கும் மண்டபத்தைக் காப்பாற்றிய ஆர்ஜியா

ஜெனோவா துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சந்துகளில் எங்களுடையதுதான் ஆகக் குறுகல். அதன் முடிவில் முந்நூறு வருடத்துத் துவைக்கும் மண்டபம் இருந்தது: வளைவுக் கூரை, கீழே ஆறு கல்தொட்டிகள், மலையிலிருந்து இறங்கிவரும் தண்ணீர். ஆர்ஜியா பொஸ்ஸானோ பதினோரு வயதில் அங்கே துவைக்க நின்றவள். புருஷன் கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை. மாலுமிகளின் சட்டைகளையும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துவைத்தே மகனை ஆளாக்கினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், மண்டபத்தை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்யப்போவதாக நகராட்சிக்காரர்கள் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அன்றே ஈரக்கையோடு என் கதவைத் தட்டினாள். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியன். சந்தில் எல்லார் மனுவும் என் கையெழுத்துதான்.

"வாத்தியாரே, துணி துவைக்க எடம் வேணும்னு எழுதுங்க."

"அதுக்கெல்லாம் அசைய மாட்டாங்கக்கா. வீட்டுக்கு வீடு மெஷின் வந்தாச்சேம்பாங்க. பழங்காலச் சின்னம்னு எழுதுவோம், கைவைக்கப் பயப்படுவாங்க."

"என்ன எழவையோ எழுதுங்க. தண்ணி ஓடுனா சரி."

மனுவுக்குப் பதில் வருமுன் இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மார்ச் மாதக் குளிர். ஆர்ஜியா நிறைந்த தொட்டிக்குள் பாவாடையோடு இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"யம்மா, சளி பிடிச்சிரும், வெளிய வா," என்றான் ஓட்டுநர்.

"ஒன் வீட்டுத் துணியயும் நான்தான்டா துவைச்சேன். எதுல என்ன கறைன்னு சொல்லட்டுமா?"

சந்தே சிரித்தது. அவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அவள் மூன்று வாரம் நெஞ்சுச் சளியோடு படுத்துக்கிடந்தாள். அதற்குள் என் மனுவைப் படித்த பேராசிரியர் ஒருவர் வந்து அளந்து பார்த்தார். இடிப்பது நின்றது. புதுப்பிக்கும் வேலைக்காக மண்டபத்தைப் பலகை வைத்து அடைத்தார்கள். அது முடிய இரண்டு வருடம் ஆனது. அதுவரை மூட்டையைச் சுமந்துகொண்டு வேறொரு சலவைத் துறைக்கு அரைமணி நேரம் நடந்தாள்.

திறப்பு விழாவுக்குக் கறுப்பு உடுப்பு உடுத்தி, இடுப்பில் துணிமூட்டையோடு வந்தாள். பேராசிரியர் பேசினார்: "இந்தத் தொட்டி விளிம்பிலுள்ள பள்ளத்தைப் பாருங்கள். பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் உழைப்பு இது."

"பேரு தெரியாதவளா? ஆர்ஜியா! முப்பத்தெட்டு வருசமா என் முழங்கை தேய்ச்ச பள்ளம்யா அது!"

அதுவும் விழாவில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ரிப்பன் வெட்டியதும் அவள் மூட்டையை அவிழ்க்கப் போனாள். தொட்டிகளைச் சுற்றிப் புதிதாய்ப் போட்டிருந்த இரும்புக் கம்பி வேலிக்கு அந்தப்புறம் நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்தான். "தொடக்கூடாதும்மா. சோப்புத் தண்ணி கல்லை அரிச்சிருமாம். தண்ணி வர்ற வழியையே அடைச்சாச்சு."

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

விடுதிக்காரர்கள் இயந்திரச் சலவைக்கு மாறினார்கள். சந்தில் இருந்து என்ன செய்வது? ஊருக்குப் பின்னால் குன்றின்மேல், மகனின் எட்டாம் மாடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுவருடம் மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற குழுவினர், கோடை ஞாயிறுகளில் அவள் வந்து பழைய உடுப்பில் துவைப்பதுபோல் நிற்க முடியுமா என்று கேட்டார்கள். வெட்கமில்லாமல் அந்தச் செய்தியையும் நானே சுமந்துகொண்டு போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி விடுவாங்களா?"

"இல்லக்கா. சும்மா கையை ஆட்டுனா போதுமாம்."

கொஞ்ச நேரம் உரித்தாள். "வாத்தியாரே, நீங்க நல்லவருதான். இனிமே எனக்காக எதையும் எழுதாதீங்க."

அந்தக் கோடையில் நாடகக்காரி ஒருத்தி வந்து நின்று கையை ஆட்டினாள். நன்றாகவே செய்தாளாம்.

நவம்பரில் ஆர்ஜியா போய்ச் சேர்ந்தாள். தொட்டியில் உட்கார்ந்து பிடித்த அந்தச் சளி அவளை விடவேயில்லை. மழையில் பெட்டிக்குப் பின்னால் ஏழு பேர் நடந்தோம். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மகன் என்னைக் கேட்டான். "நீயே பேசுப்பா" என்று அவன் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.