கழட்டுங்க மாப்பிள்ளை

எங்கள் மாப்பிள்ளைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில்கூடப் போட்டிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி இந்தக் கட்டடத்தில் யாரை விசாரித்தாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். 'கழட்டுங்க' வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், வாசல் கூட்டுகிறவர் முதல் சங்கத் தலைவர் வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் கதவுக்கு முன்னால் நிறுத்துவார்கள். நான் அவருக்கு மாமியார். மாமியார் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசினால் ஒன்று தலையில் தூக்கிவைப்பாள், இல்லையென்றால் காலில் போட்டு மிதிப்பாள் என்று நினைப்பீர்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. நடந்ததைச் சொன்னாலே போதும்.

எங்கள் கட்டடம் புத்திசாலிக் கட்டடம். விற்கும்போது அப்படித்தான் சொன்னார்கள். மேலும் கீழும் தட்டுகிற பழைய சுவிட்ச் கிடையாது. சுவரில் கண்ணாடித் துண்டு மாதிரி ஒன்று இருக்கும், விரலால் தொட்டால் விளக்கு எரியும், இன்னொரு தரம் தொட்டால் அணையும். படுத்தபடியே போனில் தட்டியும் அணைக்கலாம். தொட்டோம், எரிந்தது. தொட்டோம், அணைந்தது. கட்டியவர் சாவிகளை எங்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டடம் கட்டப் போகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கூத்து. கூடத்து விளக்கைத் தொட்டால் அது அசையாது, குளியலறை விளக்கு அணையும். மூன்றாம் மாடி டீச்சர் தலையில் சோப்பு நுரையோடு இருட்டில் நின்றுகொண்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்ட கூப்பாடு எங்கள் மாடி வரைக்கும் கேட்டது. அவர் பாவம், செய்தித்தாள் படிக்க வெளிச்சம் வேண்டுமென்று கூடத்து சுவிட்சைத் தொட்டதைத் தவிர வேறு ஒரு பாவமும் அறியாதவர். தலைவர் வீட்டில் படுக்கையறை மின்விசிறி தானாகச் சுற்றும், தானாக நிற்கும். புத்திசாலிகளோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை.

மாப்பிள்ளை இந்தக் கட்டடத்துக்கு ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியன்களில் ஒருவர். கட்டடம் முடிந்ததும் அவருக்கு வேலையும் முடிந்தது. என் மகளைக் கட்டிக்கொண்டு எங்களோடேயே இருந்துவிட்டார். எந்தச் சுவரில் எந்தக் கம்பி ஓடுகிறது என்று தெரிந்தவர் இங்கே அவர் ஒருவர்தான் என்பதால், விளக்கு மக்கர் செய்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள்.

இந்தச் சுவிட்சின் சூட்சுமத்தை அவர் எனக்குச் சாப்பிடும்போது விளக்கினார். சுவிட்ச் விளக்குக்கு 'எரி' என்று ஒரு செய்தி அனுப்புகிறதாம். அதற்கென்று தனிக் கம்பி கிடையாது. கரண்ட் போகிற கம்பியிலேயே அந்தச் செய்தியும் போகிறது. அதே கம்பியில் மாட்டியிருக்கிற வேறு ஏதாவது சாமான் இரைச்சல் போட்டால், செய்தி விளக்கின் காதில் விழாது, விழுந்தாலும் அரைகுறையாக விழும். சந்தைக்கு நடுவில் நின்று ஒருத்தி மெல்லிய குரலில் தன் பிள்ளையைக் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை திரும்பும்? எனக்குப் புரிந்துவிட்டது.

இரைச்சல் போடுகிறவனைப் பிடிக்க அவரிடம் ஒரே ஒரு வழி இருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை விடுவதற்கு முன்னாலேயே, "எல்லாத்தையும் கழட்டுங்க" என்பார். முதல் தடவை கேட்கிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள். அவர் பிளக்கைச் சொல்கிறார். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, மீன்தொட்டி மோட்டார், எது எது சுவரில் மாட்டியிருக்கிறதோ அத்தனையும் வெளியே வர வேண்டும். பிறகு சுவிட்சைத் தொடுவார். விளக்கு எரியும். அப்புறம் ஒவ்வொரு பிளக்காக மாட்டுவார், மாட்ட மாட்ட சுவிட்சைத் தொடுவார். எதை மாட்டியதும் விளக்கு முரண்டு பிடிக்கிறதோ அதுதான் திருடன். அதன் தலையில் வடிகட்டி என்று ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால் இரைச்சல் அடங்கிவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? திருடனைக் கண்டுபிடிப்பது எளிதுதான். திருடனைப் பெற்றவர்கள்தான் விடமாட்டார்கள். டீச்சர் வீட்டில் ஓடுகிற மிஷின் ஒன்று இருந்தது, உடம்பு இளைக்க வாங்கியது. அதன்மேல் அவர் ஓடியதைவிட ஈரத்துணி காய்ந்ததே அதிகம். மாப்பிள்ளை அதன் பிளக்கில் கையை வைத்ததும் டீச்சர் குறுக்கே வந்து நின்றாராம். "அது என்னோடது. அது பண்ணாது. அவரோட ரேடியோவைப் பாருங்க." வீட்டுக்காரர், "என் ரேடியோ எந்த வம்புக்கும் போகாது" என்றாராம். விளக்கைப் பழுது பார்க்கப் போனவர் ஒரு குடும்பத்துக்குப் பஞ்சாயத்து பண்ணிவிட்டு வந்தார்.

எல்லா வீட்டிலும் இதே பாட்டு. அது பண்ணாது, அது என் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அது பண்ணாது, அது நல்ல கம்பெனி. மாப்பிள்ளை சாப்பிட உட்கார்ந்ததும் ஒவ்வொருவர் குரலிலும் சொல்லிக் காட்டுவார். என் மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாகிவிடும்.

"அவங்கவங்க வீட்டுத் திருடன் அவங்கவங்களுக்கு உத்தமன், அத்தை" என்பார் மாப்பிள்ளை.

பேர் கிடைத்ததே தவிர உட்கார இடம் கிடைக்கவில்லை அவருக்கு. பட்டறை என்றால் எங்கள் சாப்பாட்டு மேஜைதான். ஒரு பக்கம் தட்டு, மறுபக்கம் வயிற்றைக் கிழித்துப் போட்ட சுவிட்ச். உப்பு ஜாடியில் திருகாணி கிடக்கும். ஒருநாள் பேத்தி திருகாணியைக் கடித்துவிட்டாள். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தது, திருகாணி காணாமல் போனதற்கு. கீழே மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. அந்த அறையும், வாசலில் தன் பெயர் போட்ட ஒரு போர்டும், இந்த இரண்டுதான் மனிதர் ஆசைப்பட்டது. வீட்டோடு மாப்பிள்ளையாக இருக்கிறவருக்குப் போர்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பேரைப் பரப்ப அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மூடப்போகிற கடை ஒன்றிலிருந்து ஒரு பெட்டி நிறைய போன் சார்ஜர் வாங்கி வந்தார். ஒவ்வொன்றின்மேலும் தன் போன் நம்பரை ஒட்டினார். வேலை முடிந்த வீட்டுக்கெல்லாம் ஒன்று இலவசம்.

"கார்டு கொடுத்தா குப்பைக்குப் போகும் அத்தை. இது சுவத்துலயே இருக்கும், நம்ம பேரும் சேர்ந்து இருக்கும்" என்றார்.

இருந்தது. இலவசமாக வந்ததை யார் கழற்றுவார்கள்? அதற்கப்புறம் பாருங்கள், மாப்பிள்ளைக்கு வேலை கொட்டியது. பழுது பார்த்த வீட்டிலிருந்தே திரும்பவும் கூப்பிட்டார்கள். காலையில் போய்ச் சரிசெய்துவிட்டு வருவார், சாயங்காலம் மறுபடி போன். நம்பர்தான் சுவரிலேயே இருக்கிறதே. போய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். மனசு கேட்காமல் எதற்காவது ஒரு வடிகட்டியை மாட்டிவிட்டு வருவார். கம்பிக்கு வயதாகிவிட்டது என்றார். நாங்களும் நம்பினோம். எங்கள் வீட்டு விளக்கும் அப்போதிலிருந்துதான் கண் சிமிட்ட ஆரம்பித்திருந்தது.

கட்டடம் முழுக்க முணுமுணுப்பு எழுந்து, சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டுக் கூடத்தில் கூடியது. டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவரும் வந்திருந்தார். இருக்கிற சுவிட்சையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு இன்னும் புத்திசாலியான சுவிட்ச் வைத்துத் தருகிறேன் என்றார். தலைவர் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், ஒரு பேனா வாங்குவதானாலும் இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவு சொல்வார். மாப்பிள்ளை எல்லார் முன்னாலும் இந்தக் கூடத்து விளக்கைச் சரிசெய்து காட்டட்டும், காட்டினால் வேலையும் மாடிப்படி அறையும் அவருக்கு, இல்லையென்றால் இரண்டும் கம்பெனிக்கு என்று சொல்லிவிட்டார். வீடு என் பேரில் இருப்பதால் நானும் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மகள் என் பின்னால் நின்றாள்.

மாப்பிள்ளை சலவைச் சட்டையில் வந்தார். காலையிலிருந்து பேசிப் பேசி அவர் போன் செத்துக் கிடந்தது. சுவிட்சைச் சோதிக்க அது வேண்டுமே. தலைவர் வீட்டுச் சுவரில் அவர் கொடுத்த சார்ஜரே இருந்தது, அதில் போனை மாட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார். குழந்தைகள் கூடவே சேர்ந்து சொல்லின.

டிவி வந்தது. பிரிட்ஜ் வந்தது. தலைவர் மனைவி, தன் கால் பிடித்துவிடுகிற நாற்காலியின் பிளக்கை மட்டும், அது பண்ணாது என்று சொல்லிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் முதல்நாள் விடுகிறவளைப் போலக் கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளை சுவிட்சைத் தொட்டார். விளக்கு எரியவில்லை. மறுபடி தொட்டார். சமையலறை விளக்கு எரிந்தது. கம்பெனிக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார்.

மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார், பீரோவை நகர்த்தச் சொன்னார், எப்போதோ மறந்த ஒரு கொசுவிரட்டியைக் கண்டெடுத்தார். அதையும் பிடுங்கிவிட்டுத் தொட்டார். இல்லை. சலவைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என் மகள் என் தோளைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்தது.

தலைவர் மனைவிதான் மெல்லச் சொன்னார். "இன்னும் ஒண்ணு சுவத்துல இருக்கே, தம்பி."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கொஞ்சமும் யோசிக்காமல், "அது என்னோடதுங்க. அது பண்ணாது" என்றார்.

சொன்ன வாய் மூடவில்லை. முதலில் டீச்சர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றார், இத்தனை நாள் சாப்பாட்டு மேஜையில் தான் சொல்லிக் காட்டிய அத்தனை குரலும் தன் காதில் விழுவதைப் போல. பிறகு போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். தொட்டார். விளக்கு எரிந்தது. வெறும் சார்ஜரை மாட்டித் தொட்டார். அணைந்தது, எரிந்தது, சொன்னபடி கேட்டது. போனோடு சேர்த்து மாட்டினார். விளக்கு செவிடாகிவிட்டது. சார்ஜர் சும்மா தொங்குகிறவரை சாது. போனை மாட்டினால்தான் வாயைத் திறக்கிறது. அவர் போகிற நேரமெல்லாம் வீட்டுக்காரர்களின் போன் அவரவர் கையில் இருந்திருக்கிறது.

தலைவர் கை தட்டினார். கண்டுபிடித்துவிட்டார் என்று எல்லாரும் தட்டினார்கள். அப்படியே விட்டிருந்தால் அறை கைக்கு வந்திருக்கும், சார்ஜரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கலாம். என் மகள்கூடக் கண்ணால் ஜாடை காட்டினாள், வாயைத் திறக்காதீர்கள் என்று. மனிதர் திறந்தார்.

"கைதட்டாதீங்க. இதை நான்தான் கொடுத்தேன். உங்க எல்லார் வீட்டுலயும் கொடுத்திருக்கேன். நான் கொடுத்த வியாதிக்கு நானே வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்."

கம்பெனிக்காரர் பையைத் திறந்து காகிதத்தை வெளியே எடுத்தார். ஜெயித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. மாப்பிள்ளை ஒவ்வொரு வீடாக வந்து சார்ஜரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அப்போதுதான் சபை கலகலத்தது. டீச்சர் எழுந்து, தன் வீட்டில் இருக்கிற சார்ஜர் அந்த மாதிரி இல்லை, அது பண்ணாது என்றார். மீன்தொட்டிக்காரர் தன்னுடையது நல்ல பீஸ் என்றார். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது என்ன மரியாதை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கைதட்டியவர்களில் ஒருவர்கூடத் தருகிறேன் என்று சொல்லவில்லை.

தலைவர் கம்பெனிக்காரரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். சுவிட்ச் கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது? ஒரு நம்பருக்குப் போன் செய்து, வரிசையில் காத்திருந்து, விவரத்தைச் சொல்லலாம் என்றார் கம்பெனிக்காரர்.

"திட்டணும்னா?" என்று கேட்டார் டீச்சர்.

கம்பெனிக்காரர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இவர்னா மாடிப்படிக்குக் கீழேயே இருப்பார். இறங்கிப் போய்த் திட்டிட்டு வந்துடலாம்" என்றார் டீச்சர். எதற்குமே ஒத்துப்போகாத எங்கள் சங்கம் அதற்கு ஒருமனதாகக் கை தூக்கியது. நானும் தூக்கினேன். உப்பு ஜாடி எனக்குத் திரும்பக் கிடைக்குமே.

இப்படித்தான் அறை வந்தது, போர்டும் வந்தது. போர்டில் பெற்றவர்கள் வைத்த பெயரைப் பெரிதாக எழுதி மாட்டினார். அதைப் படித்துவிட்டு, இங்கே 'கழட்டுங்க' இருந்தாரே, காலி செய்துவிட்டாரா என்று அவரிடமே கேட்கிறார்கள். பாதி நாள் அறைக்குள் இருக்கிறார், மீதி நாள் மாடி மாடியாக ஏறி, சார்ஜரைக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். யாரும் கொடுப்பதில்லை. கடைசியில், தான் இலவசமாகக் கொடுத்த சார்ஜருக்குத் தானே இலவசமாக வடிகட்டியும் மாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று என் கட்டிலருகே வந்து நின்றார். என் போன் சுவரில் மாட்டியிருந்தது.

"அத்தை, அதைக் கழட்டுங்க."

"அது பண்ணாது மாப்பிள்ளை" என்றேன்.

அவர் கூடத்துக்குப் போய் சுவிட்சைத் தொட்டுக் காட்டினார். விளக்கு எரியவில்லை. நீங்கள் சரியாகத் தொடவில்லை என்று சொல்லிவிட்டேன்.