கடலோர பேஸ்போல் மைதானமும் நான் எறிந்திருக்கக் கூடாத பந்தும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பேஸ்போல் பார்க்கப் போனேன். கொழும்பிலா என்று கேட்பீர்கள். கொழும்பில்தான். என் மனைவி நிர்மலாவின் தம்பி அன்ரன் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் கிளார்க், வயது நாற்பத்து மூன்று. அலுவலக அணிகளுக்கான இரண்டாம் தரப் போட்டிகளில் மூன்று வருடமாக விளையாடுகிறான். மூன்று வருடத்தில் அவன் எடுத்த ரன்கள் பூச்சியம். இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் தொலைபேசியில் கூப்பிட்டான். "அத்தான், நாளைக்கு எண்டாலும் ஒரு ரன் எடுக்கோணும். நீங்க வந்து நிண்டா எனக்கொரு தெம்பு." தெம்பு கேட்ட மனிதனுக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

வெள்ளவத்தை ஸ்டேசனில் 7.50 ரயில் 8.10க்கு வந்தது. கடல் பக்க ஜன்னல் வேண்டுமென்றால் கோட்டைக்குப் போகும்போது இடது கைப்பக்கம் உட்காருங்கள். ஞாயிறு என்பதால் எனக்கும் நிர்மலாவுக்கும் இடம் கிடைத்தது. கோட்டையிலிருந்து மைதானம் ஐந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். முச்சக்கர வண்டிக்கு 550 ரூபா. ஓட்டுநர் மாளிகாவத்தைக்காரர். பேஸ்போல் என்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அது அமெரிக்காவுலதானே சேர் வெளாடுற?"

"இஞ்சயும் விளையாடுகினம். கொட்டாஞ்சேனை தாண்டி, கடல் பக்கம்."

"அங்க ஒரு கிரவுண்ட் ஈக்கிது. ஆனா அங்க கிரிக்கட்தான் வெளாடுவாங்க." கடைசி வரை அவர் நம்பவில்லை. இறக்கிவிட்ட பிறகும் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மைதானத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லை, கதிரையும் இல்லை. மூன்று பக்கம் கட்டடங்கள், நான்காவது பக்கம் முழுக்கக் கடல். தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள், உள்ளே வர முறை பார்த்து நிற்கும் ஐந்தாறு கப்பல்கள். இந்தக் காட்சிக்கு மட்டுமே வரலாம், ஆட்டம் உங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்கு விளங்கவில்லை. ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கி முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் பந்தைத் தனக்குப் பின்பக்கமாகத் தட்டிவிட்டார். நான் எழுந்து கை தட்டி "ஃபோர்!" என்று கத்தினேன். இரண்டு அணியும் திரும்பிப் பார்த்தன. நிர்மலா என்னைத் தெரியாதவள் மாதிரிக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். அடித்தவர் மூன்று மூலைகளைச் சுற்றி ஓடி, அடித்த இடத்திலுள்ள வெள்ளைத் தட்டுக்குத் திரும்பி வரவேண்டும். வந்தால் ஒரு ரன். அதற்குள் பந்து வந்து சேர்ந்து, அதை வைத்திருப்பவர் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். பின்பக்கம் போகும் அடி கணக்கில் இல்லை.

நாங்கள் எல்லைக் கயிற்றுக்கு வெளியே ஒரு பூவரச மர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். ஒரு இறால் வடை நூற்றிருபது ரூபா, சூடாக இருந்தது. பத்தரை மணிக்கு அன்ரன் அடிக்கத் துடுப்போடு வந்தான். முதல் இரண்டு பந்தும் காற்றுக்குத்தான் அடி. மூன்றாவதை உண்மையாகவே அடித்துவிட்டான். பந்து இடப்பக்கக் கோட்டோரமாகத் தரையில் ஓடியது. நிர்மலா பாயில் ஏறி நின்று "ஓடு தம்பி, ஓடு!" என்று கத்தினாள். அன்ரன் ஓடினான். வயிறு முன்னால், ஆள் பின்னால். முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது. இதற்குள் பந்து கயிற்றுக்குக் கீழே நுழைந்து நேரே என் காலடிக்கு உருண்டு வந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் ஒரு சிறு ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் பந்து யாருடைய காலடிக்கு வந்தாலும், அவர் ரியூசன் வகுப்புக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, ஐயராக இருந்தாலும் சரி, எடுத்து விக்கெட் காப்பாளருக்கு எறிய வேண்டும். சும்மா விட்டால் பந்து தண்டவாளம் தாண்டிக் கடலுக்குப் போய்விடும். இதில் யோசிக்க எதுவுமில்லை. கை தானாகவே செய்யும். வடையைக் கீழே போட்டேன், பந்தை எடுத்தேன், எறிந்தேன்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு எறி எறிந்ததில்லை. நாற்பது மீற்றர், தரையில் படாமல், நேரே தட்டுக்குப் பின்னால் நிற்கும் பிடிப்பவரின் கையுறைக்குள். அவர் திரும்பி, வந்துகொண்டிருந்த அன்ரனை மெதுவாகத் தொட்டார். தட்டுக்கு இன்னும் நாலைந்து எட்டுத் தூரம் இருந்தது.

எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. நடுவர், அறுபது வயதுப் பெரியவர், கயிறு வரை நடந்து வந்தார்.

"அய்யே, மேக்க கிரிக்கட் நெவெய்," என்றார். இது கிரிக்கெட் இல்லையாம். எறிவதற்கு முன்னமே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பார்வையாளர் பந்தைத் தொட்டால் அதற்குப் பிறகு நடந்தது செல்லாது. ஓடியவர் எவ்வளவு தூரம் வந்திருப்பார் என்று நடுவரே தீர்மானிப்பாராம். அவர் கொஞ்சம் யோசித்து அன்ரனுக்கு ரன் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அன்ரன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் அணியின் வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தான்.

"என்னடா, ரன் கிடைச்சிட்டுதே?" என்றேன்.

"அது ரன் இல்ல அத்தான், பிச்சை. நான் வந்து சேர்ந்திருப்பனோ இல்லையோ எண்டு இனி ஆருக்குத் தெரியும்?"

வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் காத்திருந்தவனின் ஒரே ஓட்டத்தை நான் இடையில் பறித்துவிட்டேன்.

பன்னிரண்டரைக்கு ஆட்டம் முடிந்தது. 14க்கு 5 என்று தோல்வி. எல்லோரும் பை கட்டும்போது அன்ரன் எதிரணியிடம் போய் ஏதோ சிங்களத்தில் கதைத்தான். காலையில் அந்தப் பந்தைத் துரத்தி வந்த எதிரணி இளைஞர் மறுபடியும் கையுறை மாட்டினார். பிடிப்பவரும் வந்தார். அன்ரனின் பயிற்சியாளர் பந்தை அதே கோட்டோரமாக அடித்துவிடுவார், அன்ரன் அதே நேரம் ஓடத் தொடங்குவான் என்று ஏற்பாடு.

"சும்மா மெல்லமா எறிஞ்சா பிறகு நான் உங்களோட கதைக்க மாட்டன்," என்று அந்த இளைஞரிடம் சிங்களத்தில் சொன்னதை எங்களுக்குத் தமிழிலும் சொன்னான். நடுவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்போடு தட்டுக்குப் பின்னால் குனிந்தார். நிர்மலா என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கலியாணம் கட்டிப் பதினெட்டு வருடத்தில், பொது இடத்தில் அது முதல் தடவை.

பந்து போனது. அன்ரன் ஓடினான். பந்து என்னைக் கடந்து உருண்டபோது நான் கடலைப் பார்த்தேன். இளைஞர் எடுத்து முழுப் பலத்தோடு எறிந்தார். அன்ரன் மூன்றாவது மூலை தாண்டி, நெஞ்சை முன்னால் தள்ளி, கடைசியில் வயிற்றால் சறுக்கிப் பாய்ந்தான். புழுதி அடங்கியதும் பார்த்தோம். அவுட். அவன் விரல் நுனிக்கும் தட்டுக்கும் இடையில் மூன்று அடி.

அன்ரன் புரண்டு மல்லாந்து படுத்துச் சிரித்தான். அவனிடம் ஓடிப்போன என்னைப் பார்த்து, "மூண்டு அடிதான் அத்தான்! மூண்டே மூண்டு அடி!" என்றான்.

நீங்கள் போவதென்றால் தொப்பியும் பாயும் கொண்டுபோங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயில் பொல்லாதது. கழிவறை மைதானத்தில் இல்லை, பக்கத்துத் தேவாலயத்தில் கேட்டால் விடுவார்கள். திரும்பி வர முச்சக்கர வண்டிக்கு 600 ரூபா கேட்டார்கள், கொடுத்தோம். பந்து உங்கள் காலடிக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

நடுவர் கொடுத்த ரன் இன்னும் புத்தகத்தில் அன்ரன் பெயரில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவன் யாரிடமும் கதைப்பதில்லை. அலுவலகத்திலும் கோயில் வாசலிலும் கண்டவர்களுக்கெல்லாம் அந்த மூன்று அடியைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறான்.